கடைவாசல் பூசணி ஏலம்

1

இந்த ஜூனோடு நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. திண்டுக்கல்லில் பெட்டி கட்டும்போது ஆளாளுக்கு எச்சரித்தார்கள். குளிர் எலும்பைத் துளைக்கும் என்றார்கள், சோத்துக்கு அலைவாய் என்றார்கள், வெள்ளைக்காரப் பேஷண்ட் பேசுவது நர்ஸாகப் போகிற உன் காதில் ஏறாது என்றார்கள். கடைக்குப் போகும்போதெல்லாம் கல்லாவுக்கு முன்னால் நின்று "தர்மம் பண்ண மாட்டேன்" என்று நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டியிருக்கும் என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் ஊரில் ஒரு பெரிய கடை இருக்கிறது. ஊர் முழுக்க அங்கேதான் வாங்கும். பாலும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனால், அங்கிருக்கும் பெண் சிரித்த முகத்தோடு, மீதிச் சில்லறையை நோயாளிக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறீர்களா என்று கேட்பாள். எனக்குப் பின்னால் வரிசை நிற்கும். நானோ ஆஸ்பத்திரியில் பகல் முழுக்க நோயாளிகளோடு மல்லுக்கட்டிவிட்டு அப்போதுதான் வந்திருப்பேன். வேண்டாம் என்றால் பின்னால் நிற்கிற கிழவி என் முதுகைப் பார்ப்பாள். சரி என்றால் என் வயிறு எரியும். தர்மம் பண்ணின சந்தோஷம் ஒரு நாளும் வந்ததில்லை. மாட்டிக்கொண்ட எரிச்சல்தான் வரும்.

எங்கள் ஊர்ப் பலசரக்குக் கடைக்காரர் எவ்வளவோ தேவலை. சில்லறை இல்லை என்று கையில் ரெண்டு மிட்டாயைத் திணிப்பார். எனக்கு விருப்பமா என்று கேட்டதே கிடையாது. ஸ்கூலில் காசநோய் ஸ்டாம்பும் கொடிநாள் கொடியும் அப்படித்தான் வரும். வாங்கியாக வேண்டும், வாங்கினோம், சட்டையில் குத்திக்கொண்டு வீட்டுக்குப் போனோம், முடிந்தது கதை. இங்கே மரியாதையாகக் கேட்டுக் கேட்டே மனுஷியைக் கொல்கிறார்கள்.

போதாததற்குப் போன வருஷம் பிளாஸ்டிக் வில்லை ஒன்றும் வந்தது. சாமான் வாங்கினால் ஒரு வில்லை தருவார்கள். வாசலில் மூன்று கண்ணாடிப் பெட்டி. எந்தப் பெட்டியில் வில்லை அதிகமோ அந்தத் தர்மத்துக்குக் கடைக்காரன் அதிகம் கொடுப்பான். முதியோர் மதியச் சாப்பாடு ஒரு பெட்டி, பார்வையில்லாதவர்களுக்கு ஒரு பெட்டி, கிழட்டுக் கழுதைகளைப் பராமரிக்க ஒரு பெட்டி. கழுதைப் பெட்டி கழுத்து வரைக்கும் நிரம்பி நிற்கும். நான் ஒவ்வொரு முறையும் முதியோர் பெட்டியில் போட்டுவிட்டுக் கழுதைப் பெட்டியை முறைத்துவிட்டு வருவேன். கழுதை மேல் எனக்கென்ன கோபம்? ஒன்றுமில்லை. ஆனாலும் முறைப்பேன்.

கடைசியாக ஒரு தள்ளுவண்டி. வெளியே போகிற கதவுக்குப் பக்கத்தில் நிற்கும். ஊரிலுள்ள சர்ச்சுகள் சேர்ந்து வைத்தது. சிலுவைப் படம் போட்ட அட்டை தொங்கும். கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு ஒரு டின் கூடுதலாக வாங்கிப் போடுங்கள் என்று எழுதியிருக்கும். நம்ம காசில், கடைக்காரன் சொன்ன விலைக்கு, அவன் டின்னையே வாங்கி, அவன் வாசலிலேயே போட வேண்டும். லாபம் அவனுக்கு, நல்ல பேரும் அவனுக்கு. இதை நான் கார் வரைக்கும் புலம்பிக்கொண்டே வருவேன். "அப்படின்னா போடாம வர வேண்டியதுதானே?" என்பார் வீட்டுக்காரர். எப்படிப் போடாமல் வருவது? பிள்ளைகள் பட்டினி கிடக்கும் என்று எழுதியிருக்கிறானே, பாவி.

2

போன வருஷம் ஆகஸ்டில் என் மாமனார் சூசை வந்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும்.

திண்டுக்கல்லில் இருந்து நத்தம் போகிற ரோட்டில் எங்கள் கிராமம். ஜூன் மாதம் அந்தோணியார் திருவிழா. ஜனங்கள் நேர்ச்சையாகக் கோழி, கிடா, பூசணி, மாங்காய், முட்டை என்று கொண்டுவந்து கோயிலில் கொடுப்பார்கள். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அத்தனையும் ஏலத்துக்கு வரும். ஏலம் போடுகிறவர் மாமா. சந்தை விலைக்கு ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் கேவலம். சாமிக்குக் கொடுத்த பொருள் ஆச்சே, வீட்டுக்குக் கொண்டுபோனால் ஆசீர்வாதம் என்று ஒரு முட்டைக்குக் கோழி விலை கேட்பார்கள். எடுத்தவரே அதைத் திரும்ப நேர்ச்சையாகக் கொடுப்பதும் உண்டு. ஒரே பூசணி மூணு பேர் கைமாறி மூணு முறை காசாகும். அந்தக் காசில்தான் அசனம் என்கிற ஊர்ச் சாப்பாடு, ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை, எல்லாம். இப்போது செல்போன் வந்த பிறகு துபாய்க்காரர்களும் ஏலம் கேட்கிறார்கள். தம்பிக்காரன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடுக்கூட்டத்தில் விரலைக் காட்டிக்கொண்டு நிற்பான்.

மாமாவிடம் ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு வாங்கி, நாலு திசையும் பார்த்துத்தான் அடுத்ததைச் சொல்வார். யாருக்காகவும் முந்த மாட்டார். நான் கல்யாணமாகி வந்த வருஷம், புதுப்பெண் என்ற ஆசையில் ஒரு தென்னங்கன்றுக்குக் கேட்டேன். சொந்த மருமகள் கேட்கிறேனே, ரெண்டாம் தரத்தைச் சட்டென்று சொல்லி முடித்தால் என்ன? மனுஷன் நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். அதற்குள் ஒரு பூட்டு வியாபாரி கையைத் தூக்கிவிட்டான். கன்று போச்சு. அன்றைக்கு அழுதேன் என்பதை இப்போது சொல்வதில் வெட்கமில்லை.

இவருக்கு விசா வாங்கியது தனிக் கூத்து. ரெண்டு முறை மறுத்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்பிப் போவார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். வீடு, நிலம், எதைக் காட்டியும் நம்பவில்லை. கடைசியில், இவர் இல்லாவிட்டால் ஜூன் மாதம் ஏலம் நடக்காது என்று பங்குச்சாமியாரிடம் எழுதி வாங்கி அனுப்பினோம். கொடுத்துவிட்டார்கள்.

அவர் வந்ததே பேத்திக்காக. ஜெனிக்குப் பத்து வயசு. நாங்கள் இங்கே வரும்போது கைக்குழந்தை மாதிரி இருந்தவள். இப்போது தமிழில் கேட்டால் இங்கிலீஷில் ஒற்றை வார்த்தை சொல்வாள். அவள் 'தாத்தா' என்று கூப்பிடுவது மருந்து பேர் படிப்பது மாதிரி இருக்கும். மாமா விடமாட்டார். "என்ன அப்பு, சாப்டியா?" என்று பின்னாலேயே போவார். "யெஸ்" என்று கதவு சாத்தும். ஸ்கூல் வாசலுக்கு வேட்டியோடு வர வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிடச் சொன்னாள். நான் குளிரைச் சாக்குச் சொல்லி பேண்ட் மாட்டிவிட்டேன். அவருக்குப் புரியாமலா இருக்கும்? "பிள்ளைக்குக் கூச்சமா இருக்குன்னா சரி தாயி" என்றார்.

3

அக்டோபரில் தள்ளுவண்டி நிறைந்து வழிந்தது. யாரோ புண்ணியவதி அதன் உச்சியில் ஒரு ஆரஞ்சுப் பூசணியை வைத்திருந்தாள். அந்த மாதம் இங்கே பூசணி மலிவு. அதில் பேய் முகம் குடைந்து வாசலில் வைப்பார்கள். மாமா அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். சிலுவைப் படம், குவிந்த பொருள், மேலே பூசணி. அவருக்கு வேறென்ன தோன்றும்?

"நேர்ச்சைப் பொருள இப்பிடி அனாதையாப் போட்டு வச்சிருக்காகளே, ஏலம் எப்ப?" என்று கேட்டார். ஏலமெல்லாம் கிடையாது, அப்படியே கொண்டுபோய் இல்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள் என்றேன். அவர் நம்பவில்லை. ஏலம் போட்டால்தானே காசு பெருகும், ஒரு பூசணி ஒரு குடும்பத்துக்கு, பூசணிக் காசு நாலு குடும்பத்துக்கு ஆகாதா என்றார். ஷிப்டு பார்த்துப் பார்த்து ஞாயிறு பூசைக்கே ஒழுங்காகப் போகாத மருமகளுக்குக் கோயில் நடைமுறை என்ன தெரியும் என்று நினைத்திருப்பார்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்காரர் பஸ் ஓட்டப் போய்விட்டார். அவருக்கு டவுன் பஸ்ஸில் டிரைவர் வேலை. நான் மாமாவையும் ஜெனியையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். ஜெனி பத்திரிகைத் தட்டுப் பக்கம் ஒதுங்கினாள், மாமா கதவுப் பக்கம் போனார், நான் கல்லா வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. அந்தப் பெண் சிரித்த முகத்தோடு சில்லறையைக் கேட்டாள். நான் 'நோ' என்பதற்கு வாயைத் திறந்தேன். அப்போது கதவுப் பக்கமிருந்து திருவிழாக் குரல் வந்தது.

"அந்தோணியார் பூசணி... பத்து ஒரு தரம்!"

திரும்பிப் பார்த்தேன். மாமா பூசணியை ரெண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கிறார். எதிரில் செக்யூரிட்டிக்காரர், ஆறடிக்கு மேல் உயரம்.

என்ன நடந்தது என்று பிறகுதான் கோவையாகத் தெரிந்தது. ஏலம் நடக்காத குறையைத் தாமே தீர்த்துவிடுவது என்று மாமா முடிவு செய்திருக்கிறார். வீட்டுக்காரர் கைச்செலவுக்குக் கொடுத்ததில் ஒரு பத்துப் பவுண்டு நோட்டை எடுத்து வண்டிக்குள் ஒரு டின்னுக்கு அடியில் வைத்துவிட்டுப் பூசணியைத் தூக்கியிருக்கிறார். செக்யூரிட்டிக்காரர் ஓடிவந்து, நில்லுங்கள் என்று உள்ளங்கையை விரித்துக் காட்டியிருக்கிறார். ஐந்து விரல். மாமா பார்வையில் எதிராளி ஐந்து ஏற்றிவிட்டான். விடலாமா? குனிந்து இன்னும் நோட்டுகளைச் செருகியிருக்கிறார். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு, இந்த ஆள் பூசணி போதாதென்று டின்னையும் திருடக் குனிகிறான் என்றுதான் தெரியும். அவர் தோளில் இருந்த வாக்கிடாக்கியை எடுத்துப் பேசியிருக்கிறார். மாமாவுக்கு வேர்த்துவிட்டது. போனில் கேட்கிறான் என்றால் வெளிநாட்டுப் பார்ட்டி, லேசில் விடமாட்டான்.

அப்புறம் செக்யூரிட்டிக்காரர் ரெண்டு கையையும் விரித்தார். பத்து! மாமா பாக்கெட்டைத் தடவினார். காலி. அத்தனை கல்லாவையும் தாண்டி என்னைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ரெஜினா, இன்னுங் கொஞ்சம் பணம் கைல இருக்கா தாயி? இந்த ஆளு விடமாட்டேங்குறான்!"

கடையே திரும்பிப் பார்த்தது. ஜெனி பத்திரிகையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் பாலையும் ரொட்டியையும் அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

4

மாடியில் கண்ணாடி அறை. மேலாளர் பேர் ஜூலி. நல்ல பெண்தான், ஆனால் மேஜையில் சம்பவக் குறிப்புப் புத்தகம் விரிந்திருந்தது. தர்ம வண்டியிலிருந்து ஒருவர் பொருள் எடுப்பது கேமராவில் பதிவாகியிருக்கிறது, பேரும் பாஸ்போர்ட் விவரமும் வேண்டும், போலீசுக்குச் சொல்வதா என்று யோசிக்கிறேன் என்றாள். போலீஸ் என்றதும் எனக்கு விசாதான் ஞாபகம் வந்தது. ரெண்டு முறை மறுத்த விசா. ஒரு வரி திருட்டு என்று ஏறிவிட்டால் மாமா இந்த ஜென்மத்தில் இனி பேத்தியைப் பார்க்க வர முடியாது. பேத்தியோ பக்கத்தில் நின்று சுவரைப் பார்க்கிறாள்.

எனக்கு இங்கிலீஷ் வராமலில்லை. இந்த ஊரில் எத்தனை டாக்டர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். அன்றைக்குப் பார்த்து நாக்கு ஒட்டிக்கொண்டது. ஏலம், நேர்ச்சை, அந்தோணியார் என்று ஏதோ உளறினேன். ஜூலி அந்தோணி என்பவர் யார், அவர் கடையில் இருக்கிறாரா என்று கேட்டாள்.

அப்போதுதான் ஜெனி வாயைத் திறந்தாள். இங்கிலீஷில்தான். எங்கள் ஊரில் சாமிக்குக் கொடுத்ததைச் சும்மா வைத்துவிட்டு ஓடமாட்டார்கள், எல்லோரும் பார்க்கக் கூவி விற்பார்கள், விலையைக் கூட்டிக்கூட்டிக் கேட்பார்கள், அந்தக் காசு ஏழைகளுக்குப் போகும், கூவுகிறவர் என் தாத்தா என்றாள். ஐந்து வயசில் ஊருக்குப் போனபோது தாத்தா எனக்காக ஒரு முட்டை ஏலம் எடுத்தார், ஊரே கைதட்டியது என்றாள். நான் வாயைப் பிளந்தேன். அந்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கி, பாய் முழுக்க உடைத்த கூத்து அவளுக்கு ஞாபகம் இருக்கும் என்று யார் கண்டது? பிறகு, தாத்தா திருடவில்லை, காசு வைத்ததை நான் பார்த்தேன், வேண்டுமானால் டின்களுக்கு அடியில் பாருங்கள் என்றாள்.

செக்யூரிட்டிக்காரர் போய்ப் பார்த்துவிட்டு நோட்டுகளோடு வந்தார். அவர் முகம் சிவந்திருந்தது. ஒரு பவுண்டுப் பூசணிக்கு இவ்வளவா என்று ஜூலி எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அப்பாடா என்று உட்காரப் போனேன்.

உட்கார விட்டால்தானே. அந்த வண்டியில் பொருள்தான் போடலாம், ரொக்கம் வாங்க விதி இல்லை, பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு பூசணியை வைத்துவிடுங்கள், இல்லையென்றால் நான் இதை எழுதி மேலே அனுப்பியாக வேண்டும் என்றாள். மாமாவிடம் சொன்னேன். முடியாது என்றார். மாமா, உங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன், எடுத்துக்கங்க, விசா போயிரும், ஜெனியப் பாக்க வர முடியாது என்றேன். அவர் ஜெனியைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. ஆனாலும் நோட்டைத் தொடவில்லை.

"ஏலத்துல வச்ச காச எடுத்தேன்னா, அப்பத்தான் தாயி நான் திருடன்."

ஜெனி அதை ஒரு சொல் மாற்றாமல் ஜூலிக்குச் சொன்னாள். ஜூலி பேனாவை மூடி வைத்தாள்.

வழி கண்டுபிடித்ததும் ஜெனிதான். ரொக்கம்தானே கூடாது, இந்தக் காசுக்கு இதே கடையில் டின் வாங்கி வண்டியில் போட்டால்? ஜூலி யோசித்துவிட்டு அதற்கு விதி தடுக்காது என்றாள். நான் ஆண்டவருக்கு நன்றி சொல்லி எழுந்தேன். மாமா எழவில்லை. ஏலம் முடியவில்லையாம். கடைசியாகப் பத்து விரல் காட்டியது செக்யூரிட்டிக்காரர், அதனால் நியாயப்படி பூசணி அவருக்குத்தானாம். ஜெனி இதையும் சொல்லித் தொலைத்தாள். அந்தப் பெரிய மனுஷன் பதறிப்போய், எனக்குப் பூசணியே பிடிக்காது, நான் விலகிக்கொள்கிறேன் என்றார்.

மாமா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். "அந்தோணியார் பூசணி, ஒரு தரம்" என்றார். மூச்சு வாங்கினார். நாலு சுவரையும் பார்த்தார். அடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்தவருக்குக் குரல் வரவில்லை. திருடன் என்று மாடிக்கு இழுத்துவரப்பட்ட மனுஷன், எவ்வளவு நேரம்தான் தாங்குவார்?

"ரெண்டு தரம்" என்றாள் ஜெனி. மெதுவாக, தமிழில்.

மாமா அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் மேஜையைத் தட்டும்படி ஜூலிக்குச் சைகை காட்டினார். அவள் ஸ்டேப்ளரை எடுத்து ஒரு போடு போட்டாள். மூணு தரம் ஆச்சு.

நாங்கள் கீழே போய் அந்தக் காசு முழுவதுக்கும் டின்னும் அரிசியும் வாங்கினோம். லாபம் யாருக்கு? கடைக்காரனுக்குத்தான். கல்லாவில் அதே பெண். அத்தனை தர்மச் சாமானுக்கும் பில் போட்டுவிட்டு, சிரித்த முகத்தோடு, மீதிச் சில்லறையை நோயாளிக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறீர்களா என்று கேட்டாள். கொடுத்துத் தொலைத்தேன்.

பூசணியைப் புளிக்குழம்பு வைத்தேன். சாமிப் பொருளைத் தனியாகத் தின்னக் கூடாது என்று மாமா ஒரு டப்பாவில் போட்டுச் செக்யூரிட்டிக்காரருக்குக் கொடுத்தனுப்பினார். அவர் சாப்பிட்டாரா, கொட்டினாரா தெரியாது. டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார்.

5

மாமா ஜனவரியில் ஊருக்குப் போனார். போகும்வரை ஜெனி அவரோடு தமிழில் மடமடவென்று பேசினாள் என்று எழுத ஆசைதான். அப்படியெல்லாம் இல்லை. கதவைச் சாத்துவதை மட்டும் விட்டாள். ஸ்கூல் வாசலுக்கு வேட்டியோடு வரலாம் என்றாள், ஆனால் அப்போது பனி கொட்டிக்கொண்டிருந்தது.

போன வாரம் திருவிழா. சனிக்கிழமை, எல்லோரும் வீட்டில் இருந்தோம். மாமா ஊரிலிருந்து கூப்பிட்டு, ஏலம் போடப் போறேன், செத்த நேரம் கேக்குறியா அப்பு என்றார். என் கொழுந்தன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றான். இங்கே ஸ்பீக்கரில் ஒரே இரைச்சல். கிடா போச்சு, சேவல் போச்சு. அடுத்தது பூசணி என்று மாமா குரல் கேட்டது. ஜெனி சோபாவிலிருந்து எழுந்து போன் பக்கத்தில் வந்தாள்.

"நூறு" என்றாள்.

கொழுந்தன் அங்கே விரலைத் தூக்கியிருப்பான். ஒரு மிளகாய் வியாபாரி நூற்றைம்பது என்றான். ஜெனி இருநூறு என்றாள். அவன் ஏற்றினான், இவளும் ஏற்றினாள். இங்கிலீஷ் எண் ஒன்றுகூட நடுவில் வரவில்லை. இதே வேகத்தில் போனால் அவள் உண்டியல் சேமிப்பு அவ்வளவும் போய்விடும் போலிருந்தது. வீட்டுக்காரர் தடுக்கப் போனார், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐநூறு" என்றாள் ஜெனி, கத்தியே.

மிளகாய்க்காரன் உடனே ஏற்றவில்லை. எனக்குத் தென்னங்கன்று ஞாபகம் வந்தது. இனி மாமா மூச்சு வாங்குவார், நாலு திசையும் பார்ப்பார், மிளகாய்க்காரன் கையைத் தூக்குவான், என் பிள்ளை அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஐநூறு ஒரு தரம், மூணு தரம்! எடுத்துக்க அப்பு" என்றார் மாமா, ஒரே மூச்சில்.

கூட்டம் கொதித்துவிட்டது. ரெண்டாம் தரம் எங்கய்யா, என்னய்யா அநியாயம் இது என்று மிளகாய்க்காரன் போடுகிற சத்தம் இங்கே சமையல்கட்டு வரைக்கும் கேட்டது. மாமா குரல் எல்லாவற்றுக்கும் மேலே வந்தது.

"ரெண்டாந் தரத்த எம்பேத்தி போன வருசமே அங்க சொல்லிட்டாப்பா."